சூ மாத்திரை

சுரைக்காயை வேகவைத்த தண்ணீரை மதியழகன் வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தார். சட்டியின் வாயைத் தட்டால் மூடி, இரண்டு பக்கமும் பழைய துணியால் பிடித்து, பின்கட்டுச் சாக்கடைப் பக்கம் சாய்த்தார். ஆவி முகத்தில் அடித்தது. இது முதல் தண்ணீர். இன்னொரு முறை புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டு அதையும் கொட்ட வேண்டும். கிட்னி போனவர்களுக்குக் காய்கறியை இப்படித்தான் சமைக்க வேண்டும், காயில் இருக்கிற பொட்டாசியம் தண்ணீரோடு போய்விடும் என்று டயாலிசிஸ் செய்யும் இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு முனியம்மா, வழக்கம்போல ஒரு வார்த்தை விட்டாள். காயில் இருக்கும் சத்தையெல்லாம் சாக்கடைக்கு ஊட்டிவிட்டு, சக்கையைக் கட்டினவளுக்குப் போடுகிற ஆம்பிளையை இந்தத் தெருவில்தான் பார்க்கிறேன் என்றாள். முன்பெல்லாம் இதற்கு மதியழகனிடம் பதில் இருக்கும். "சொம்பு எடுத்துட்டு வா முனிம்மா, உனக்குப் புடிச்சுத் தர்றேன். குடிச்சுட்டு இன்னும் ரெண்டு வீட்டுக் கத பேசலாம்" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே போவாள். இன்றைக்கு அவர் சட்டியை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார். முனியம்மா குடத்தைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவர் மனைவி அமிர்தவள்ளி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் சிரிப்புக்குப் பதில் கிடைப்பதில்லை என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

மதியழகன் ஆம்பூரை ஒட்டிய துத்திப்பட்டில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். மீசை முளைக்கும் வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் தோல் புரட்டப் போனார். அங்கிருந்து தோல் பதனிடும் டிரம்முக்கு மாறி, கடைசியில் தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும் பஃபிங் மெஷினுக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் ஏழாவதைத் தாண்டவில்லை என்றாலும் கம்பெனி இங்கிலீஷ் அவருக்கு நன்றாக வரும். வெட் ப்ளூ, க்ரஸ்ட், ரிஜெக்ட், ஷிப்மென்ட் என்று சரளமாகப் பேசுவார். வெளிநாட்டுக்காரன் கம்பெனிக்கு வந்தால் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அவன் என்ன சொன்னான் என்று கூட இருப்பவர்கள் பிறகு இவரைத்தான் கேட்பார்கள். இவரும் சொல்லுவார். பாதி சரியாக இருக்கும். மீதியைச் சரிபார்க்க ஆள் கிடையாது.

அமிர்தவள்ளி ஜோலார்பேட்டையில் ரயில்வே கேங்மேன் ஒருவரின் மகள். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்ததும் சூ கம்பெனியில் தோல் துண்டுகளுக்குப் பசை தடவி ஒட்டும் டேபிள் வேலைக்குச் சேர்ந்தாள். ஆம்பூர்ப் பக்கம் ஷூ என்று எழுதுவார்கள், சூ என்றுதான் சொல்லுவார்கள். காலையில் தெருமுனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போவது சூ பஸ். அதில் போகிறவள் சூ கம்பெனிப் பொண்ணு. அவள் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பசை வாடை சூ வாடை. அமிர்தவள்ளி அந்த பஸ்ஸில் போய் வந்துதான் மகள் ஷர்மிளாவைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தாள். படிப்பு முடிந்து ஷர்மிளாவும் அதே பஸ்ஸில் ஏறினாள். ஆனால் டேபிளுக்கு இல்லை, குவாலிட்டி செக்கிங்குக்கு. தையல் ஒரு நூல் விலகினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அமிர்தவள்ளிக்கு ரத்த அழுத்தம் வெகு நாளாக இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவளும்தான். கால் வீங்கியபோது நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்றார்கள். முகம் வீங்கியபோதுதான் வேலூருக்குப் போனார்கள். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள். மதியழகன் வேலை பார்த்த கம்பெனியில் அப்போதுதான் ஆள் குறைத்து, வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு வேலை கிடைத்ததுபோல ஆயிற்று. சமையல் கற்றுக்கொண்டார். டயாலிசிஸ் நாட்களில் அவளைக் காட்பாடி பாசஞ்சரில் ஏற்றி, அங்கிருந்து ஆட்டோவில் கூட்டிப்போய், ஊசி குத்தும்போது கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஷர்மிளாவின் கம்பெனி கார்டில் பெற்றோருக்கும் வைத்தியம் உண்டு. அந்தக் கார்டில் சேர்ந்த ஆஸ்பத்திரி ஒன்றில் எல்லாம் நடந்தது.

உயிரை டயாலிசிஸ் பிடித்து வைத்திருந்தது. அரிப்புதான் அவளைக் கொன்றது. முதுகு, முழங்கை, கால் என்று உடம்பெல்லாம் அரிக்கும். அவள் சீப்பால் சொறிவாள், சுவரில் முதுகைத் தேய்ப்பாள். தோலெல்லாம் கோடு கோடாகக் கிழிந்திருக்கும். ஒருநாள் கையை நீட்டி அவரிடம் காட்டினாள்.

"ஏங்க, நீங்க எத்தினி தோலு பாத்திருப்பீங்க. இத எந்த கிரேடுல போடுவீங்க?"

"ரிஜெக்ட்."

"லைனிங்குக்குக்கூட ஆவாதா?"

"கிளவுஸுக்கு வேணா பாக்கலாம்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவிவிட்டார்.

ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறிக் கிடப்பதுதான் அரிப்புக்குக் காரணமாக இருக்கும் என்று சொல்லி டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது டயாலிசிஸில் வேலை பார்க்கும் ஜஹீதா. அந்தப் பெண் எதையும் அவசரமில்லாமல் சொல்லுவாள். பாலில், பருப்பில், கறியில், எலும்பில், பாட்டில் கூல்டிரிங்கில் எல்லாம் பாஸ்பரஸ் இருக்கிறது. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். உங்களுக்கு அது முடியாது. எலும்பு தேய்ந்துபோகும், ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படியும். இந்த மாத்திரை சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு வெளிக்குப் போகும்போது போய்விடும். அதனால் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு வேளை மறந்துவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான், அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடக் கூடாது. கடைசியாக அவள் சொன்னதுதான் மதியழகனின் மனசில் ஆணி அடித்ததுபோல நின்றது. இந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, முழுசாக முழுங்க வேண்டும். ஈரம் பட்டால் இது உப்பிவிடும்.

அன்றிலிருந்து மாத்திரை கொடுப்பது அவர் வேலை. அமிர்தவள்ளி சாப்பிட உட்கார்ந்தால் எதிரில் இவரும் உட்கார்ந்துவிடுவார். அவள் நாலு வாய் சாப்பிட்டதும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவள் நாக்கில் போட்டுக்கொண்டு, அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மடக்கு குடிப்பாள். நாளெல்லாம் அவளுக்கு அனுமதி ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான். வாயைத் திறந்து காட்டச் சொல்லுவார். "சூப்பர்வைசர் செக் பண்ணிட்டாரா, லைன் ஓட்டலாமா" என்பாள் அவள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் அவள் பின்னால் போய் நிற்பார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் இவர் பரிமாறுகிறவர் என்று நினைத்துக்கொண்டு சாம்பார் கேட்டதும் உண்டு. அவருக்கு அது வெட்கமாக இல்லை. ஒரு மனுஷனின் கையிலிருந்து இன்னொரு மனுஷி நம்பி வாங்கி முழுங்குவது சாதாரண விஷயமா என்று ஒருமுறை ஷர்மிளாவிடம் சொன்னார். அதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதே இல்லை.

பாஸ்பரஸ் கொஞ்சம் இறங்கியது, பிறகு ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். ஒரு வேளைக்கு மூன்று என்று ஆனது. அத்தனையையும் முழுங்க அவளுக்குத் தண்ணீர் போதவில்லை. சாப்பிடுவதில் பாதி மாத்திரையாகவே இருக்கிறது என்று டாக்டரிடமே சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, பழையதை நிறுத்தி வேறொரு மாத்திரை எழுதினார். அன்றைக்கு வெளியே கூட்டம் நெரிந்தது. ஜஹீதாவும் இல்லை. தங்கை கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போயிருந்தாள்.

டாக்டர் சீட்டைக் கொடுக்கும்போது, "இது சூவபிள் டேப்லெட். வேளைக்கு ஒண்ணு போதும். சாப்பாட்டோட எடுக்கணும், சரியா?" என்றார்.

மதியழகன் "சரி சார்" என்றார். சூ என்ற ஒன்று அவர் காதில் தெளிவாக விழுந்தது. அதற்குப் பின்னால் வந்த ஓசையை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே மருந்து கவுண்டரில் சீட்டையும் கார்டையும் நீட்டினார். உள்ளே இருந்த ஆள் சீட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"சூ மாத்திரையா சார்?"

"ஆமாங்க, சூ கம்பெனி கார்டுதான். பொண்ணு குவாலிட்டியில இருக்குது."

அவன் தலையாட்டி மாத்திரையைக் கொடுத்தான். அடுத்த ஆள் தோளுக்கு மேலே சீட்டை நீட்டினார். இவர் விலகினார். பெஞ்சில் காத்திருந்த அமிர்தவள்ளியிடம் வந்து, சூ கம்பெனி ஆட்களுக்கென்று தனியாக மாத்திரை வைத்திருக்கிறான், உயர்ந்த சரக்கு, வேளைக்கு ஒன்றே போதுமாம் என்றார். அவளுக்கும் அது பொருத்தமாகவே பட்டது. பசை வாடையிலும் நின்ற காலிலும் அவ்வளவு வருஷம் போனதற்கு இதையாவது செய்கிறார்களே என்றாள். சூ பஸ் இருக்கும்போது சூ மாத்திரை ஏன் இருக்கக் கூடாது? ரயிலில் வரும்போது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பொடி எழுத்தில் எல்லாம் இங்கிலீஷாக இருந்தது. மாத்திரை பெரிதாக, வட்டமாக, வெள்ளையாக இருந்தது.

முதல் நாளே அது அவள் தொண்டையில் மாட்டியது. இரண்டு மடக்கு தண்ணீர் குடித்து, கழுத்தை நீட்டி, கண்ணில் தண்ணீர் வர இறக்கினாள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவர் ரசம் எடுத்துவரத் திரும்பிய நேரத்தில், கடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் அவள் உதட்டோரம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது.

"இன்னா வாயில?"

"கடிச்சுட்டேன். தொண்டையிலயே நிக்குதுங்க அது."

"கடிக்கக் கூடாதுன்னு ஜஹீதா எத்தினி தபா சொல்லியிருக்கும்?"

"அது பழைய மாத்திரைக்குச் சொன்னதுதான. இதுக்கு யாரு சொன்னா?"

"எல்லாம் ஒரே ஜாதி மாத்திரைதான். நீ டாக்டருக்கா படிச்சே?"

"கடிச்சா நல்லாத்தாங்க இருக்குது. சாக்பீஸ் மாதிரி மாவாப் போவுது" என்றாள் அமிர்தவள்ளி. அவர் துப்பச் சொன்னார். துப்பினாள். அட்டையிலிருந்து வேறொன்றைப் பிதுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவளுடைய தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு மடக்கு கூடுதலாகவும் கொடுத்தார், அதை இரவுக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று. அவள் அவரைப் பார்த்துக்கொண்டே முழுங்கினாள். வாயைத் திறந்தும் காட்டினாள்.

ஜஹீதா கல்யாணம் முடிந்து வந்தாள். கையில் மருதாணி இருந்தது. டயாலிசிஸ் மெஷினை மாட்டிக்கொண்டே, "அண்ணே, மாத்திரை மாத்தியிருக்காங்களே, கரெக்டா குடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். "சாப்பாட்டு நடுவுல, ஒரு வேளை தப்பாம" என்றார் மதியழகன். "அண்ணன் இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒருவருக்கு மயக்கம் வந்திருந்தது.

அரிப்பு குறையவில்லை. வயிறு கட்டிக்கொண்டது. டயாலிசிஸ் ஆட்களுக்கு மலச்சிக்கல் சகஜம் என்பதால் இரண்டு பேரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. முனியம்மா விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னாள். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க மாட்டேன் என்று மதியழகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டரைக் கேட்கவும் இல்லை. வெளிக்குப் போகவில்லை என்பதை ஆம்பிளை எப்படிப் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டார். அமிர்தவள்ளியும் அதை ஷர்மிளாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பெண்ணைப் பேஜார் பண்ண வேண்டாம் என்றாள். மாத்திரை மட்டும் வேளை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வயிறு பானை மாதிரி விறைத்துக்கொண்டது. பச்சையாக வாந்தி எடுத்தாள். ஷர்மிளா துவைத்துக்கொண்டிருந்த யூனிஃபார்மை அப்படியே வாளியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வயிற்றைப் படம் எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த சின்ன டாக்டர் வெளியே வந்து, நேராக அமிர்தவள்ளியிடம் குனிந்து, காசு எதையாவது முழுங்கினீர்களா அம்மா என்று கேட்டார். அவளுக்கு அந்த வலியிலும் வாய்த் துடுக்கு போகவில்லை. "இருந்தா இல்ல முழுங்கறதுக்கு" என்றாள். பிறகு படத்தை விளக்கு முன்னால் மாட்டினார்கள். இடுப்பெலும்புக்கு மேலே வெள்ளை வெளேரென்று வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகவும் தனித்தனியாகவும். ப்ரெஸ் பட்டனை யாரோ கொட்டிவைத்ததுபோல இருந்தது என்று ஷர்மிளா பின்னால் சொன்னாள்.

பெரிய டாக்டர் வந்தார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். மதியழகன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்த அட்டை எப்போதும் அவர் பையில்தான் இருக்கும். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்படிக் குடுத்தீங்க?"

"முழுசா சார். கடிக்கவே விடல."

டாக்டர் அட்டையை மேஜையில் வைத்தார். பிறகு திட்டாமல், சாதாரணமாகச் சொன்னார். இது மென்று சாப்பிட வேண்டிய மாத்திரை. நன்றாக மாவாக மென்றுதான் விழுங்க வேண்டும். பல் இல்லாதவர்கள் பொடித்துச் சாப்பிட வேண்டும். முழுசாகப் போனால் அது கரையாது. பாஸ்பரஸைப் பிடிக்கிற வேலையையும் செய்யாது, குடலை விட்டும் நகராது. குடல் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டை விழுந்திருக்கவும் கூடும். உடனே திறந்து பார்க்க வேண்டும்.

"சூ மாத்திரைன்னுதான சார் சொன்னாங்க" என்றார் மதியழகன்.

டாக்டருக்கு அது புரியவில்லை. ஷர்மிளாவுக்குப் புரிந்தது. அவள் அப்பாவின் பக்கம் திரும்பாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அது அந்த சூ இல்லப்பா. மெல்றதுக்கு இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

கட்டிலில் கிடந்த அமிர்தவள்ளி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அன்றைக்கு மாத்திரையை முழுங்கும்போது பார்த்தாளே, அதே பார்வை.

குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிய மூன்று நாள் ஆனது. ஒருநாள் பிழைக்க மாட்டாள் என்றார்கள், மறுநாள் பார்க்கலாம் என்றார்கள். காயம் ஆறுவதற்குள் டயாலிசிஸும் செய்ய வேண்டியிருந்தது. எழுந்து உட்கார்ந்தபோது பாதியாகிப் போயிருந்தாள். வயிற்றின் பக்கவாட்டில் ஒரு பை தொங்கியது. மலம் அதில்தான் வந்து விழும். பிறகு சேர்த்துத் தைக்கலாம், உடம்பு தாங்கினால் என்றார்கள். உடம்பு தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பையை மாற்ற நர்ஸ் சொல்லிக் கொடுத்தபோது மதியழகன் முன்னால் வந்து நின்றார். அமிர்தவள்ளி புடவையை இழுத்து மூடிக்கொண்டு, ஷர்மிளா வரட்டும் என்றாள். மகள்தான் கற்றுக்கொண்டாள். ஷர்மிளா அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, நாளெல்லாம் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேனே, அந்த அட்டையை ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். அவருக்கு அதுவும் தன்னைச் சொன்னதுபோலவே இருந்தது.

மறுபடியும் டயாலிசிஸுக்குப் போன முதல் நாள், டாக்டர் அந்தப் பெரிய மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு, கால்சியம் சேர்ந்த இன்னொன்றை எழுதினார். ஜஹீதா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் அன்னிக்கி இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கணும் அண்ணே என்றாள். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னாள். இதுவும் சாப்பாட்டோடுதான். வயிறு வலித்தால், கட்டிக்கொண்டால், வாந்தி வந்தால் வெட்கப்படாமல் அன்றைக்கே சொல்ல வேண்டும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், வேறு எந்த மாத்திரை வாங்கினாலும், இதைச் சாப்பிடுகிறோம் என்று சொல்ல வேண்டும். சில ஜுர மாத்திரைகளை இதோடு சேர்த்துப் போட்டால் அது வேலை செய்யாது. மாத்திரை மாறினால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான், மெல்ல வேண்டுமா முழுங்க வேண்டுமா என்று. இதை முழுங்க வேண்டும்.

"இப்ப திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள், அவரைப் பார்த்து.

மதியழகன் தொண்டையைச் செருமினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அமிர்தவள்ளி சொல்லத் தொடங்கிவிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல் இன்னொரு கையை நீட்டி மாத்திரை அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே நானே போட்டுக்கறேம்மா. அவர் குடுக்க வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி சொன்னாள். ஜஹீதா தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் குழாயைச் சரிபார்த்தாள். மதியழகன் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே ஆட்டோக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதிலிருந்து மாத்திரைகள் அவளுடைய பழைய வெற்றிலை டப்பாவில் இருக்கின்றன. குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போவாள். தூங்கும்போது தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். மற்றபடி அவள் அவரிடம் பேசாமல் இல்லை. கேஸ் புக் பண்ணச் சொல்லுவாள், கொசுவத்தி ஏற்றச் சொல்லுவாள், ரயிலில் ஜன்னல் ஓரம் பிடிக்கச் சொல்லுவாள். அவர் சமைப்பதைச் சாப்பிடுவாள். கேலி மட்டும் போய்விட்டது. இந்தத் தோல் எந்த கிரேடு என்று அவள் இப்போது கேட்பதில்லை. அரிப்பு இருக்கிறது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால், வேணாம், இப்பதான் நின்னுது என்பாள். திரும்பிப் போகும்போது சீப்பின் சத்தம் கேட்கும்.

இரண்டாவது தண்ணீரையும் வடித்துவிட்டு அவர் சுரைக்காயைத் தாளித்தார். சோற்றை ஆறவைத்து, முட்டையின் மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் ஓரத்தில் வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு நடு அறைக்கு வந்தார். அமிர்தவள்ளி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மடியில் டப்பா. ஷர்மிளா வேலைக்குப் போயிருந்தாள். தட்டை வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். பல வருஷப் பழக்கம், உட்கார்ந்த பிறகுதான் எதற்கு உட்கார்ந்தோம் என்று தோன்றியது. எழுந்து போவதும் நன்றாக இராது என்று அப்படியே இருந்தார்.

அவள் சாப்பிட்டாள். உப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இருக்குது என்றாள். நாலு வாய் ஆனதும் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் ஒன்றும் இல்லை. அவள் அதைப் பார்த்தாள். டப்பாவைத் திறந்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு நாக்கில் வைத்தாள். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்து காட்டவில்லை.

மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தாள். அவள் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டாள். அவர் தட்டை எடுக்கக் குனிந்தவர், எடுக்காமல், குனிந்தபடியே கேட்டார்.

"அமிர்தா, இது மெல்றதா, முழுங்கறதா?"

அவருக்குப் பதில் தெரியும். ஜஹீதா சொன்னபோது அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அமிர்தவள்ளி ஒரு கையால் சுவரைப் பிடித்து, இன்னொரு கையால் வயிற்றுப் பையைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக எழுந்தாள். அவர் கை கொடுப்பதற்குள் நிமிர்ந்துவிட்டாள். டப்பாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு உள் அறைக்குப் போனாள். அவள் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் டப்பாவுக்குள் அட்டைகள் சரசரத்தன.